கிள்ளப்படும் தளிர்

ஆசிரியரைத் தோட்டக்காரனோடு ஒப்பிடுவது கல்வியுலகில் நெடுநாளாய்ப் பழகிப்போன உவமை. செருமானியக் கல்வியாளர் ஃபிரோபெல் 1840ஆம் ஆண்டில் தாம் நடத்திய பாலர் பள்ளிக்குக் குழந்தைகளின் தோட்டம் எனப் பொருள்படும் பெயரையே சூட்டினார். ஆசிரியர் பயிற்சி பெற்றோர் அனைவரும் அறிந்த செய்தி இது. பள்ளி விழா மேடைகளிலும் இவ்வுவமைக்குக் குறைவில்லை. அதை எடுத்தாள்வோருள் மண்ணில் கைவைத்தவர் எத்தனை பேர் என்பது வேறு கதை. ஒரே ஒரு தக்காளிச் செடியையேனும் வளர்த்துப் பார்த்தவர் இவ்வுவமையைச் சொல்லுமுன் சற்றுத் தயங்குவார்.

தக்காளி வளர்ப்பில் பாதி பேணல், மறுபாதி அழித்தல். ஒரு குழியில் இரண்டு மூன்று விதைகள் இடுகிறோம். முளைத்தபின் வலிய நாற்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் களைகிறோம். செடி வளரத் தொடங்கியதும் இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவில் பக்கத் தளிர் ஒன்று தோன்றும். அது நோயுற்ற தளிர் அன்று. விட்டால் தானும் கிளைத்துப் பூத்துக் காய்க்கக்கூடியது. ஆயினும் விரல் நீளம் வளருமுன் அதனைக் கிள்ளி எறிகிறோம். தண்டில் உள்ள காய்கள் பருக்கவேண்டும், இலைகளினிடையே காற்றோட்டம் வேண்டும் என்பன காரணங்கள். காரணங்கள் சரியே. ஆனால் இந்த வேலையைத்தானா நாம் கல்விக்கு உவமையாக்கினோம்?

ஆக்கினோம் என்றே சொல்லவேண்டும். 1988இல் தொடங்கி 2021இல் நீக்கப்பட்ட ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வின் காலத்தை எண்ணிப் பாருங்கள். நான் கண்ட பள்ளிகள் சிலவற்றில், மாலை வகுப்புக்கும் சிறப்புப் பயிற்சிக்கும் சிறந்த தேர்ச்சி பெறக்கூடியவர் என மதிக்கப்பட்ட மாணவரே அழைக்கப்பட்டனர். ஏனையோர் வீட்டுக்குப் போயினர். அவர்களை எவரும் கடிந்துகொள்ளவில்லை, அடிக்கவுமில்லை. நீர் மட்டும் ஊற்றப்படவில்லை.

இதனைச் செய்த ஆசிரியர்களைக் கொடியவர் எனல் பொருந்தாது. கையிலிருந்த நேரம் குறைவு. தமிழ்ப்பள்ளியின் பெயரும், அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் தேர்ச்சிப் பட்டியலைப் பொறுத்திருந்தன. பலருக்குச் சிறிது நன்மை செய்வதா, சிலருக்கு முழு நன்மை செய்வதா என்ற வினா பொய்யான வினா அன்று. உணவும் மருந்தும் போதாத இடங்களிலெல்லாம் எழும் பழைய அறச்சிக்கலே அது.

எனினும் செடிக்கும் சிறுவனுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. தக்காளி எதற்காக வளர்கிறது என்பதை முடிவு செய்பவன் நட்டவன். கனி அவன் கூடைக்கு உரியது. ஆகவே எந்தத் தளிர் வேண்டும், எது வேண்டாம் என்று அவன் தீர்ப்பளிக்கலாம். சிறுவன் யாருடைய கூடைக்காகவும் காய்ப்பவன் அல்லன். தேர்ச்சிப் பட்டியல் பள்ளியின் கூடை. அதை நிரப்புவதற்காக ஒருவனை ஒதுக்குகையில் அவனுடைய நன்மையை அவனுக்காக அளந்தோம் என்று சொல்ல இயலாது.

மேலும், நல்ல தோட்டக்காரனே இத்துணை முரட்டுத்தனமாக நடப்பதில்லை. தக்காளியில் ஓயாது மேலேறும் கொடிவகை உண்டு. ஓரளவு வளர்ந்து நின்றுவிடும் புதர்வகையும் உண்டு. முன்னதில் தளிரைக் கிள்ளுதல் தகும். பின்னதிலோ பக்கக் கிளைகளே விளைச்சலில் பெரும்பகுதியைத் தருவன. அவற்றைக் கிள்ளினால் கூடைதான் குறையும். வகையறியாமல் விரலை நீட்டலாகாது. கிள்ளிய தளிருக்கும் முடிவு குப்பைமேடு அன்று. ஈரமண்ணில் ஊன்றி நிழலில் வைத்தால் இரண்டொரு வாரத்தில் வேர்விட்டுத் தனிச்செடியாகிவிடும்.

மண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரமுள்ள கேமரன் மலையில் செழிக்கும் தக்காளி, நம் தாழ்நிலத்தில் திணறுகிறது. இரவின் வெம்மையில் பூ உதிர்கிறது, பிஞ்சு பிடிப்பதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிரால் வரும் வாடல் நோய், நேற்றுப் பசுமையாய் நின்ற செடியை இன்று தலைசாய்த்துவிடுகிறது. உரமிட்டுப் பயனில்லை. அறிந்தோர் நாற்றைக் குறைகூறுவதில்லை. நோயைத் தாங்கும் கத்தரி வேரின்மீது தக்காளித் தண்டை ஒட்டுகிறார்கள், அல்லது தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பையில் வளர்க்கிறார்கள். தோட்டங்கள் மூடப்பட்டு நகர ஓரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் வாடி அமர்ந்திருந்தபோது, நாம் மண்ணைப் பார்த்தோமா, நாற்றைப் பார்த்தோமா?

சந்தையும் ஒருவகைத் தேர்வுக்கூடமே. வறட்சிக்குப்பின் திடீரெனப் பெருமழை பெய்தால் தக்காளியின் தோல் வெடிக்கும். குற்றம் பழத்தினுடையது அன்று. நீர் சீராகக் கிடைக்கவில்லை, அவ்வளவே. தரம் பிரிப்போர் அதை ஒதுக்குவர். நம் வீட்டு இரசச் சட்டிக்கோ அந்த வேறுபாடு தெரியாது. காயாகப் பறித்து நெடுந்தொலைவு ஏற்றி வந்த வழவழப்பான பழத்தைவிட, செடியிலேயே பழுத்து வெடித்ததில் புளிப்பும் மணமும் மிகுதி என்பது சமையலறையில் நிற்பவர் எவரும் அறிந்தது.

நேரம் குறைவே, ஆள் குறைவே, மறுக்கவில்லை. சில வேளைகளில் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டியிருக்கும். அந்நிலையில், யாரை இவ்வாண்டு விட்டோம், ஏன் விட்டோம், அவனுக்கு எப்போது திரும்புவோம் என்பதைப் பெயர் குறித்து எழுதிவைத்து, அவன் தாயை அழைத்து நேரே சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். தோட்டக்காரனிடம் அந்தக் கணக்கை எந்தச் செடியும் கேட்பதில்லை.