உம்மாவின் தோழிகளுக்கு ஒரு பங்கு

 

 

சென்ற வாரம் நம் மஹல்லாவில் ஒரு உம்மாவை நல்லடக்கம் செய்தோம். பந்தலூர் மழை உங்களுக்குத் தெரியும். கப்றில் ஊறிய தண்ணீரை இறைத்து இறைத்துத்தான் மையித்தை வைத்தோம். நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த கைகள் அவை. மண் தள்ளி முடித்ததும் மூத்த மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹஜ்ரத், உம்மாவுக்கு இனி நான் என்ன செய்யணும்?" என்றார். எத்தனை பேருக்குச் சோறு ஆக்கலாம் என்றும் கேட்டார். அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இன்று சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள்.

முஃமின்களின் அன்னை கதீஜா (ரலி) அவர்கள் ஹிஜ்ரத்துக்குச் சுமார் மூன்று வருடங்களுக்கு முன்பே வஃபாத்தாகிவிட்டார்கள். ஹஸன் (ரலி), ஹுஸைன் (ரலி) இருவரும் தங்கள் உம்மும்மாவின் முகத்தையே பார்த்ததில்லை. ஆனால் மதீனாவில் அந்தப் பெயர் மறக்கப்படவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஆடு அறுத்தால் கறியைத் துண்டு போட்டு கதீஜாவின் தோழிகளுக்கு அனுப்பிவைப்பார்கள். இதை நமக்குச் சொல்பவர் ஆயிஷா (ரலி) அவர்கள்; புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒருநாள் கதீஜாவின் சகோதரி ஹாலா (ரலி) வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்டார்கள். மறைந்துபோன மனைவி அனுமதி கேட்கும் விதம் நினைவுக்கு வந்து, நபியவர்கள் உள்ளம் நெகிழ்ந்துவிட்டார்கள்.

பத்ருப் போரில் நடந்ததையும் பாருங்கள். மகள் ஸைனப் (ரலி) அவர்களின் கணவர் அபுல் ஆஸ் கைதிகளில் ஒருவர். அவரை மீட்க ஸைனப் அனுப்பிய பொருட்களில் ஒரு கழுத்துமாலை இருந்தது. கல்யாணத்தின்போது உம்மா கதீஜா மகளுக்குப் போட்டு அனுப்பிய மாலை! பார்த்ததும் நபியவர்கள் மிகவும் இளகிப்போனார்கள். ஆனாலும் தாமே எடுத்துக்கொடுத்துவிடவில்லை. அதில் மற்றவர்களுக்கும் உரிமை இருந்தது. தோழர்களைப் பார்த்து, உங்களுக்குச் சம்மதமென்றால் கைதியை விடுவித்து மாலையையும் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். அவர்கள் சரி என்ற பிறகே மாலை திரும்பிப் போனது.

நாம் என்ன செய்கிறோம்? உம்மாவின் அலிக்கத்து யார் பெட்டியில் இருக்கிறது என்று தங்கைகளுக்கே தெரியாது. எஸ்டேட்டில் வந்த பி.எஃப். பணம், கிராஜுவிட்டி இரண்டும் ஒருவர் வங்கிக் கணக்கில் போய்ச் சேரும். தாளில் வாரிசாக ஒரு மகனின் பெயர் எழுதியிருப்பதால் மட்டும், மார்க்கப்படி அந்தப் பணம் அவருக்கே சொந்தமாகிவிடாது. அவர் கையில் அது அமானிதம். அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத். மிஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். "தங்கச்சி வேண்டாம்னு சொல்லிட்டா" என்கிறார்கள். முதலில் அவள் கையில் கொடுத்துவிட்டு, பிறகு கேட்டுப் பாருங்களேன்!

உம்மும்மாக்களுக்கும் உரிமை உண்டு. அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது ஒரு பாட்டி வந்து, இறந்துபோன பேரப்பிள்ளையின் சொத்தில் தன் பங்கைக் கேட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல கலீஃபா வெட்கப்படவில்லை, மற்றவர்களிடம் விசாரித்தார்கள். நபியவர்கள் பாட்டிக்கு ஆறில் ஒரு பங்கு கொடுத்ததை முகீரா (ரலி) சொல்ல, முஹம்மது பின் மஸ்லமா (ரலி) அதற்குச் சாட்சி சொன்னார்கள். அந்தப் பங்கு கொடுக்கப்பட்டது. பிள்ளையின் தாய் உயிரோடு இல்லாதபோது கிடைக்கும் பங்கு இது. ஒரு கிழவி ஆட்சியாளர் முன் நின்று உரிமையோடு கேட்டார். நம் வீட்டு உம்மும்மா மருந்துக்குக் காசு கேட்கக்கூடத் தயங்குகிறார்.

சோறு பற்றிய கேள்விக்கு வருகிறேன். தாய் இறந்தபோது ஊரில் இல்லாத ஸஃது பின் உபாதா (ரலி), நபியவர்களிடம் கேட்டுவிட்டுத் தாய்க்காக ஸதகா செய்தது தன்னுடைய தோட்டத்தை. நீங்களும் உங்கள் சொந்தக் காசில் செய்யுங்கள். பங்கு பிரிக்காத பணத்தில் பிரியாணி வேண்டாம்.

நமக்குப் பக்கத்து மலையில், முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் 2024 ஜூலை 30 அன்று போனவர்களில், அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் வெறும் எண் போட்டு அடக்கினார்கள். என் உம்மா எந்த எண் என்று தேடிய பிள்ளைகள் இருந்தார்கள். நமக்கு இடம் தெரியும். ஆனாலும் ஜியாரத்துக்கு எத்தனை பேர் போகிறோம்?

அந்த மகனுக்கு இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அன்று கப்றுஸ்தான் கேட்டுக்கு வெளியே, குடை இல்லாமல், தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு அம்மா நின்றிருந்தார். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்த குடும்பம். நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் இல்லை. உங்கள் உம்மாவோடு ஒரே வரிசையில் கொழுந்து பறித்தவர். மழைக்காலத்தில் ஒரே டம்ளரில் பாதிப் பாதி தேத்தண்ணி குடித்தவர். எல்லோரும் போன பிறகுதான் அவர் போனார். அவர் வீடு எந்த லைனில் இருக்கிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். தொழுகை முடிந்ததும் என்னிடம் வாருங்கள், சேர்ந்தே போவோம்.