யாருடைய ஆசிரியன்?

ஹட்டனுக்கு மேலேயுள்ள தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்த நான், சம்பளமற்ற விடுமுறையில் மாலைதீவுக்குப் போனேன். முதல் வாரத்திலேயே ஒரு சிறுவன் ஆங்கிலக் கொப்பியைப் பின்பக்கத்திலிருந்து திறந்தான். அவர்களது தானா எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவது. அதன் முதல் 9 எழுத்துகளும் அரபு இலக்கங்களிலிருந்து பிறந்தவை. குர்ஆன் மத்ரஸாவில் நானும் அப்படித் திறந்து பழகியவன்தானே! சிரிப்பு வந்தது. அன்றே அந்த வகுப்பு எனக்குச் சொந்தமாயிற்று.

சிக்கலும் அங்கேதான். என்னிடத்துக்கு எவரும் வரவில்லையென்று ஊரிலிருந்து அதிபர் எழுதியிருந்தார். இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களில். அவ்வளவு காலம் காத்திருந்த சமூகத்தின் பிள்ளைகளை மறுபடியும் காக்கவைத்தவன் நான்.

'எங்கும் பிள்ளைகள் பிள்ளைகளே' என்றார் நண்பர். உண்மைதான். ஆனால் அந்த உண்மையை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக் கூசுகிறது. அங்கே நான் போகாவிட்டால் இன்னொருவர் போவார், சம்பளம் இழுக்கும். லயத்துப் பிள்ளைக்கு யார் வருவார்? எனினும் என் வீட்டுக் கடனை அடைத்தது அந்தச் சம்பளமே. அதை மறைக்க மாட்டேன்.

திரும்பியபோது தரம் 8, தரம் 10 ஆகியிருந்தது. முன்வரிசைச் சிறுமி எழுந்து கேட்டாள்: "சேர், விட்ட பாடத்திலயிருந்தா தொடங்கப் போறீங்க?"