மாற்றுக் கிணறு இல்லாதவர்

கோவளத்தில் கார்மேல் அன்னை ஆலயத்தருகே கடலை நோக்கி நிற்பவருக்கு, நீர் வேறு, குடிநீர் வேறு என்பது எளிதில் விளங்கும். மேற்கு வங்கச் சிற்றூர் மக்களோ இதனை 1980-களில் நோயுற்றே அறிந்தனர். அவர்களது குழாய்க் கிணற்று நீர் தெளிந்திருந்தது, நிறமில்லை, மணமில்லை, உள்ளே ஆர்செனிக் என்னும் நஞ்சு இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 1993-இல் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என எல்லை வகுத்தது. 2012-இல் வெளிவந்த இந்தியத் தரநிர்ணயமும் அதனையே ஏற்றது. ஆனால், மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் 50 வரை ஏற்கலாம் என்றது. 2015-இல் அத்தளர்வு நீக்கப்பட்டது.

எனினும் மனச்சான்று வினவுகிறது: வேறு கிணறு இல்லாதவரின் உடல் மட்டும் ஐந்து மடங்கு நஞ்சைத் தாங்குமோ? தாகத்தால் மடிவதினும் அது மேல் என்பர். உண்மையே. ஆயினும் அத்தளர்வு யாருக்குச் சலுகை? குடிப்பவருக்கா, நல்ல நீர் வழங்கக் கடமைப்பட்டவருக்கா?

யாக்கோபின் கிணற்றருகே களைத்தமர்ந்த ஆண்டவர், சமாரியப் பெண் மொள்ளும் நீரையே தமக்கும் கேட்டார். எல்லை வகுப்போரும் ஏழையின் கிணற்றருகே அமர்ந்து அவ்வாறு கேட்கத் துணிவாராயின், அவர்கள் வகுத்த அளவு நீதியானதே.