வந்து போகிறவர்கள்

யார் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பொதுவாக அதன் சர்வர் தன் லாகில், அதாவது பதிவேட்டில், ஒரு வரி எழுதிக்கொள்கிறது. ஐபி முகவரி, நேரம், கேட்ட பக்கம், பிரவுசரின் பெயர் எல்லாம் அந்த வரியில் இருக்கும். என் சின்னத் தளத்தின் லாகைப் படித்தபோது முதலில் தெரிந்தது, வருகிறவர்களில் பெரும்பாலோர் மனிதர்களே அல்ல என்பது. கூகுள்பாட், பிங்பாட், 2023 முதல் ஜிபிடிபாட் என்று தளங்களைத் தானாகவே படித்துச் செல்லும் நிரல்கள். இவற்றை ‘இந்தப் பக்கம் வராதே’ என்று தடுக்க ரோபாட்ஸ் கோப்பு என்றொரு ஏற்பாடு 1994இலிருந்தே உண்டு. அது வேண்டுகோள்தான், பூட்டு அல்ல.

இயந்திரங்களைக் கழித்தால் மிஞ்சுவது சிறு கூட்டம். என் மனம் முழுக்க அவர்களிடம்தான் இருக்கிறது. நான் மாதக்கணக்கில் உழைத்து எழுதிய நாவல் விமர்சனங்களுக்கு அவர்கள் வரவில்லை. மரக்கால், பதக்கு, தூணி, கலம் என்று பழைய நெல் அளவைகளைப் பற்றி எழுதிவைத்த ஒரு பக்கத்துக்குத்தான் ஆண்டு முழுக்க ஆள் வருகிறது. கூகுள் தொகுத்துத் தரும் தேடல் பட்டியலில், ஆளின் அடையாளம் ஏதுமில்லாமல், கேள்வி மட்டும் நிற்கிறது: ஒரு கலம் எத்தனை மரக்கால்? கேட்டவர் கையில் தாத்தாவின் குத்தகைச் சீட்டு இருக்கலாம். கல்வெட்டு படிக்கும் மாணவராகவும் இருக்கலாம். யாரோ ஒருவருக்கு அது தெரிந்தே ஆகவேண்டியிருக்கிறது. பாராட்டுக் கடிதம் தராத நிறைவை அந்த ஒற்றை வரி எனக்குத் தந்தது.

நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரத்தில் டொராண்டோவிலிருந்து ஒருவர் அந்த அளவைப் பக்கத்தைப் படித்ததாகப் புள்ளிவிவரம் காட்டும். அங்கே அப்போது பிற்பகல். ஐபியை வைத்து ஊரைச் சொல்வது ஊகம்தான். செல்போன் நெட்வொர்க்கில் பல பேர் ஒரே முகவரிக்குள் இருப்பார்கள், விபிஎன் போட்டால் நாடே மாறிவிடும். இருந்தாலும் ஈழத்தமிழர் நிறைந்த அந்த ஊரின் பெயரைப் பார்த்ததும் மனம் நின்றுவிடுகிறது.

இன்னும் தெரிந்துகொள்ள வழி உண்டு. ஒரு நிரலைச் சேர்த்தால் எவ்வளவு நேரம் படித்தார், எந்த வரியோடு விட்டுப்போனார், மறுபடி எப்போது வந்தார் என்று எல்லாம் வந்து குவியும். நான் சேர்க்கவில்லை. நூலகத்தில் அலமாரியோரம் நின்று படிப்பவரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று எத்தனையாம் பக்கம் என்று எட்டிப் பார்ப்பது முறையா? படிப்பவருக்குத் தனிமை வேண்டும். லாகும் ஒரு வாரத்தில் அழிந்துபோகும்படி வைத்திருக்கிறேன்.

கேள்வி தெரிந்துவிட்டது, எனக்கு அது போதும். அந்தப் பக்கத்தில் என் இளமை நினைவுகளைக் கீழே தள்ளி, 12 மரக்கால் ஒரு கலம் என்ற விடையை முதல் வரியாக ஏற்றினேன். அடுத்து நில அளவைகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அளக்கும் கோலின் நீளம் ஊருக்கு ஊர் வேறுபட்டதால் குழியின் அளவும் மாறும், அதை ஒழுங்குபடுத்தத்தான் நாள் பிடிக்கிறது.