மாத்ரிக்கும் ஒரு பிள்ளை



நம் வட ஆற்காட்டுச் சீமையில் திரௌபதி அம்மன் கோயில் அக்கினி வசந்த விழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. அந்தப் பாரதத்தில் நச்சுப் பொய்கைக் கதையை இன்று எடுத்துக்கொள்வோம்.

அதற்கு முன் ஒன்று. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஜப்பானியப் படக்கதைகளை விரும்பிப் படிக்கிறார்கள். ஹிரோயா ஓகு எழுதி வரைந்த ‘கான்ட்ஸ்’ அவற்றில் ஒன்று. 2000 முதல் 2013 வரை தொடராக வந்தது. செத்தவர்களை ஒரு கருப்பு உருண்டை எழுப்பிக் கொலைக்களத்துக்கு அனுப்பும். எதிரியைக் கொன்று பிழைத்து வந்தால் மதிப்பெண். 100 சேர்ந்தால் மூன்றில் ஒன்றைக் கேட்கலாம்: விடுதலை, வலிய ஆயுதம், அல்லது மாண்டுபோன ஒருவரின் உயிர். ரத்தம் தெறிக்கும் கதை. சிறு பிள்ளைகளுக்கு ஆகாது. ஆனால் கைக்கு வந்த வரத்தை யாருக்காகக் கேட்பாய் என்ற அந்தக் கேள்வியை வியாச பகவான் எப்போதோ கேட்டுவிட்டார்.

வனவாசத்தின் கடைசிக் காலம். மானைத் துரத்திக் களைத்த பாண்டவர் ஐவருக்கும் தாகம். முதலில் நகுலன் பொய்கைக்குப் போனான். என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தொடாதே என்றது ஒரு குரல். கேட்காமல் குடித்தான், விழுந்தான். அடுத்து சகாதேவன். அண்ணன் கிடப்பதைக் கண்ணால் பார்த்தும் குடித்தான், விழுந்தான். அர்ச்சுனனுக்கும் பீமனுக்கும் அதே கதி. தர்மனுக்கும் தொண்டை வறண்டுதான் இருந்தது. ஆனாலும் அவன் நின்றான், கேட்டான், பதில் சொன்னான்.

ஒருவர் பின் ஒருவராகச் சாகிற இந்தக் கொடுமை நமக்குப் புதிதா? நம் தோல் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டியில் ஒருவர் மயங்கி விழுவார். தூக்கிவிட இறங்கியவரும் மேலே வரமாட்டார். தோலில் முடி நீக்கப் போடுகிற சல்ஃபைடு அமிலத்தோடு சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு மிஞ்சினால் மூக்கு மரத்து அந்த நாற்றமும் தெரியாது. காப்பாற்றக் குதிக்கிறவன் நல்லவன்தான். ஆனால் காற்று சோதித்தாயிற்றா, கயிறும் சுவாசக் கருவியும் இருக்கின்றனவா என்று நின்று கேட்பதுதான் அங்கே தர்மம். அதைக் கேட்க வேண்டியவர் இறங்குகிற கூலியாள் அல்ல, இறக்கிவிடுகிற முதலாளி.

பொய்கையில் குரல் கொடுத்தவன் ஒரு யட்சன். பதில் கேட்டு மகிழ்ந்த அவன், ஒரே ஒரு தம்பியை எழுப்பித் தருகிறேன் என்றான். போர் காத்திருக்கிறது. பீமனோ அர்ச்சுனனோ இல்லாமல் நாடு திரும்பாது. தர்மன் நகுலனை எழுப்பக் கேட்டான். குந்திக்கு நான் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு பிள்ளை வேண்டும் என்றான். நகுலனைப் பெற்ற மாத்ரி எப்போதோ உடன்கட்டை ஏறியவள். தன் மகனுக்காக வந்து கேட்க அவள் இல்லை. கேட்க ஆளில்லாதவளின் பிள்ளையை அவன் முதலில் நினைத்தான். யட்சன் வடிவில் வந்த தர்மதேவதை நால்வரையும் எழுப்பியது.

2015 ஜனவரி 31 விடியும் முன்னே, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவுச்சேறு பாய்ந்து 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்காகக் கேட்க இங்கே யார் இருந்தார்கள்? அவர்கள்தான் நம் ஊரில் மாத்ரியின் பிள்ளைகள். தோல் கழிவால் கிணறு கெட்ட பாலாற்றங்கரை உழவர்களும் அப்படித்தான். அவர்களுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குத் தொடுத்தது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம் இழப்பீட்டையும் பாலாற்றையும் பற்றி மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

தோல் நமக்குச் சோறு போடுகிறது. ஆம்பூர் பெண்கள் தைக்கிற காலணி கடல் கடந்து போகிறது. அதை நான் பழிக்கவில்லை. லாபமும் ஒரு வரம்தான். அந்த வரம் கைக்கு வந்ததும் புது இயந்திரம் வாங்குவதா, பழைய தொட்டிச் சுவரைக் கட்டுவதா? அங்கேதான் மனிதனின் தர்மம் தெரியும்.

தர்மதேவதை மேலும் வரம் கேள் என்றபோது, பேராசையும் மயக்கமும் கோபமும் என்னை ஆளாதிருக்க வேண்டும், என் மனம் தானத்திலும் சத்தியத்திலும் நிற்க வேண்டும் என்றும் ஒரு வரம் கேட்டான் தர்மன். நாமும் அதையே கேட்போம். கேட்டுவிட்டு, நம் கம்பெனியில் வேலை செய்கிற வெளியூர்ப் பிள்ளை இன்று இரவு எந்தச் சுவரோரம் படுக்கிறான் என்று போய்ப் பார்ப்போம். அம்மன் துணை நிற்பாள்.