உனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கணினி?

2019 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் புதிய மேக் புரோ மேசைக்கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆரம்ப விலை 5,999 அமெரிக்க டாலர். பணமிருந்தால் 28 கருக்கள் கொண்ட இன்டெல் சியோன் செயலி, 1.5 டெராபைட் நினைவகம் வரைக்கும் ஏற்றிக்கொள்ளலாம். பெட்டியை உருட்டிக்கொண்டு போகச் சக்கரம் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக 400 டாலர். அதோடு சேர்த்து வந்த திரையை நிறுத்தி வைக்கும் தாங்கி மட்டும் 999 டாலர். இணையம் பல நாள் இதை வைத்துச் சிரித்தது. சிரித்தவர்களில் பெரும்பாலோர் அதை வாங்கப் போகிறவர்கள் இல்லை. வாங்கப் போகிறவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஒருநாள் வாடகையே அந்தச் சக்கரத்தின் விலையைத் தாண்டும் படத்தொகுப்புக் கூடங்கள் உலகத்தில் இருக்கின்றன.

இந்த வகைக் கணினிகளின் மதிப்பீடுகளை நான் நிறையப் படிக்கிறேன். பொறியியல் படித்தவனுக்கு இருக்கக்கூடிய கெட்ட பழக்கங்களில் இது ஒன்று. சிலர் காற்பந்து பார்ப்பதைப் போல. சினிபெஞ்ச் எண், 8கே காணொளியை ஏற்றுமதி செய்ய ஆகும் நிமிடங்கள், விசிறிச் சத்தம், சூடு எல்லாம் வரிசையாக வரும். கடைசியில் 'படைப்புத் துறையினருக்கு மிகச் சிறந்த கணினி' என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் புரிவதில்லை. அதற்கு முன்னால் சொன்ன எண்கள் எதிலிருந்தும் அது வரவில்லை.

பீட்டர் கீச் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் 1956இல் நன்மை, தீமை பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். 'சிவப்பு' என்ற சொல்லைப்போல 'நல்ல' என்ற சொல் தனித்து நிற்காது என்பது அவர் வாதம். சிவப்புக் கார் என்றால் 'அது சிவப்பு, அது கார்' என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லலாம். 'நல்ல திருடன்' என்பதை அப்படிப் பிரிக்க முடியுமா? அவன் திருடன் என்பது சரி. அவன் நல்லவன் என்று யார் ஒப்புக்கொள்வார்? 'நல்ல' என்பதற்குப் பின்னால் எந்தப் பெயர் வருகிறதோ அதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது. இதை வைத்துப் பார்த்தால் 'படைப்பாளிக்கு நல்ல கணினி' என்ற சொற்றொடரில் பெரிய ஓட்டை இருக்கிறது. படைப்பாளி என்பது ஒரு வேலையின் பெயர் இல்லை. நாவல் எழுதுகிறவருக்குப் பத்து வருடப் பழைய மடிக்கணினி தாராளம். முப்பரிமாண அசைவூட்டம் செய்கிறவருக்கு எது கொடுத்தாலும் போதாது. திருக்குறளில் 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். அங்கே ஆராயப்படுவது ஆள். நம் காலத்து மதிப்பீட்டாளரோ ஆளைப் பார்க்காமலேயே கருவிக்கு மதிப்பெண் போட வேண்டியிருக்கிறது. ஆளை ஆராயும் வேலை, கூப்பிடு தூரத்தில் இருக்கும் 'கணினி தெரிஞ்ச பையன்' தலையில் விழுகிறது. குளுவாங் வட்டாரத்தில் சிலருக்கு அந்தப் பையன் நான்.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வீடியோ எடுக்கிறார். முன்பு தொழிற்சாலையில் வேலை செய்தவர். போன வருடம் ஒரு மேல்தட்டு மேசைக்கணினிக்கு விலைப்பட்டியல் வாங்கி எனக்கு அனுப்பினார். திரையோடு சேர்த்து 22,000 வெள்ளி. கொஞ்சம் இபிஎஃப் மூன்றாம் கணக்கிலிருந்து, மீதி தவணையில். 2024 மே மாதத்திலிருந்து இபிஎஃப்பில் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய அந்தக் கணக்கு வந்துவிட்டதால், ஓய்வுக்காலத்துக்கென்று வைத்த பணமும் இப்போது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. "தம்பி, நீ இஞ்சினியர்தானே, பார்த்துச் சொல்லு, எடுக்கலாமா வேணாமா" என்றார்.

உட்கார்ந்து ஒரு கல்யாணத்துக்கான அவருடைய வேலை நேரத்தை எழுதினோம். படம் எடுக்க 20 மணி நேரம். எடுத்ததைப் பார்த்து, தேர்ந்தெடுத்து, வெட்டி ஒட்ட 24. நிறம், ஒலி சரிசெய்ய 8. பெண் வீட்டார் சொல்லும் திருத்தங்களுக்கு 5. கணினி தானாக ஓடிக்கொண்டிருக்க அவர் சும்மா காத்திருப்பது 3. மொத்தம் 60. ஜீன் அம்டால் 1967இல் சொன்ன விதி ஒன்று கணினிப் பாடத்தில் வரும்: ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால், மொத்த லாபம் அந்தப் பகுதியின் அளவைத் தாண்டாது. காத்திருக்கும் நேரத்தைப் பூஜ்ஜியமாக்கும் தெய்வக் கணினி ஒன்று வந்தாலும் 60 மணி 57ஆகும். 22,000 வெள்ளிக்கு ஐந்து விழுக்காடு.

அண்ணன் சிரித்தார். "கணக்கு சரி தம்பி. இங்க வந்து இழுத்துப் பாரு" என்று சுட்டியைக் கையில் கொடுத்தார். மாப்பிள்ளை அழைப்புக் காட்சியை இழுத்தேன். படம் நின்றது, அரை வினாடி கழித்துக் குதித்தது, மறுபடி நின்றது. "மூணு விதமா போட்டுப் பார்க்கணும்னு தோணும். ஒண்ணோட நிறுத்திடுவேன்."

இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. 1982இல் ஐபிஎம்மைச் சேர்ந்த டோஹர்ட்டியும் தடானியும் எழுதிய கட்டுரையில், கணினியின் மறுமொழி ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் வந்தால் மனிதன் வேலை செய்யும் விதமே மாறுகிறது என்று வாதிட்டார்கள். வினாடிக் கணக்கில் மிச்சமாவது கொஞ்சம்தான். ஆனால் யோசனையின் நூல் அறுந்துபோகாமல் இருக்கிறது. அண்ணன் செய்யாமல் விட்ட அந்த இரண்டு விதங்கள் எந்த மணிக்கணக்கிலும் வராது. செய்யாத வேலைக்கு நேரம் ஏது? அம்டாலின் விதி, இருக்கும் வேலையை எடைபோடும். நல்ல கருவி, இல்லாத வேலையை உண்டாக்கும். படைப்புக் கருவிகளைப் பற்றி எண்களால் பேசுவது ஒரு கட்டத்துக்குமேல் நொண்டுவது இதனால்தான்.

வழி இல்லாமல் இல்லை. காட்சிகளைச் சிறிய அளவில் நகலெடுத்து அதை வைத்து வெட்டிவிட்டுக் கடைசியில் மூலத்தோடு இணைத்துக்கொள்ளலாம். ப்ராக்சி என்பார்கள், காசே இல்லை. நினைவகம் கூட்ட, வேகமான எஸ்எஸ்டி போடச் சில நூறு வெள்ளி ஆகும். இதையெல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "எல்லாரும் எனக்குச் சமாளிக்கத்தான் சொல்லித்தர்றாங்க தம்பி."

'உனக்கு எதுக்கு' என்பது நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட வாக்கியம். தோட்டத்துப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு மோட்டார், கித்தா மரம் வெட்டுகிறவன் வீட்டுக்கு எதுக்கு சோபா. போதும் என்ற மனம் பெரிய பண்புதான். ஆனால் அதை யார் யாருக்கு உபதேசிக்கிறார்கள் என்று கவனித்தால் அதில் ஒரு திசை இருக்கிறது. பெரும்பாலும் மேலிருந்து கீழே. கோலாலம்பூரில் ஒரு விளம்பர நிறுவனம் பத்து மேக் ஸ்டூடியோ வாங்கினால் அது தொழில் விரிவாக்கம். குளுவாங்கில் ஒரு வீடியோக்காரர் ஒன்று வாங்கினால் அது ஊதாரித்தனம். இரண்டு இடத்திலும் பொறியியல் கணக்கு ஒன்றுதான்.

இப்படிச் சொன்னதும் மறுபக்கம் விற்பவன் சந்தோஷமாக நிற்கிறான் என்பதும் தெரிகிறது. 'புரோ' என்ற மூன்றெழுத்து விற்பது செயலியை மட்டும் அல்ல. உன்னை யாரும் மதிக்கவில்லையா, இந்தா, நாங்கள் மதிக்கிறோம், தவணையில் என்கிறது. காயம் இருக்கும் இடம் பார்த்து மருந்து என்று எதையோ தடவுகிறது. அண்ணனின் சுயமரியாதையைக் காப்பாற்றுகிறேன் என்று நான் 'வாங்குங்க அண்ணே' என்றால், அதற்கான வட்டியை நான் கட்டப் போவதில்லை.

என் எண்ணம் இது. அழகான, வேகமான கருவியை ஒருவர் விரும்புவதே வாங்குவதற்கு நியாயமான காரணம். நல்ல நாதஸ்வரத்துக்கு ஆசைப்படும் கலைஞரிடம் 'எத்தனை கச்சேரியில் காசு திரும்பும்' என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால் ஆசையை ஆசை என்ற தலைப்பில் கணக்கு எழுத வேண்டும். முதலீடு என்ற தலைப்பில் எழுதும்போதுதான் பொய் உள்ளே வருகிறது. ஆலோசனை சொல்கிறவனின் கடமை அந்தத் தலைப்பைச் சரியாக எழுதிக் கொடுப்பதுவரைதான். வாங்காதே என்று தடுப்பது அவன் வேலையில்லை.

நாதஸ்வர ஒப்புமை ஓரிடத்தில் உடையும். அது பல வருடம் கூட வரும், கணினி வராது. ஆப்பிளையே பாருங்கள். 2013இல் உருளை வடிவில் ஒரு மேக் புரோவைக் கொண்டுவந்தார்கள். வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பில் தாங்களே போய் மாட்டிக்கொண்டதை 2017 ஏப்ரலில் சில பத்திரிகையாளர்களை அழைத்து ஒப்புக்கொண்டார்கள். பிறகு வந்ததுதான் சக்கர மேக் புரோ. அது வந்து ஒரு வருடம் ஆவதற்குள், 2020 நவம்பரில், எம்1 சில்லு பொருத்திய 699 டாலர் மேக் மினி ஒற்றைக் கரு வேகத்தில் அதை முந்தியது. 2025 ஜூனில் இன்டெல் கணினிகளுக்கு மேக்ஓஎஸ் டாஹோதான் கடைசிப் பெரிய பதிப்பு என்று அறிவித்துவிட்டார்கள். சக்கரம் இன்னும் உருளும். இன்னொன்று: அந்தப் பெட்டியைத் திறந்து நினைவகம் கூட்டலாம். இன்றைய மேக் ஸ்டூடியோவில் அது முடியாது. எவ்வளவு நினைவகம் என்பதை வாங்கும் அன்றே முடிவு செய்துவிட வேண்டும். ஐந்து வருடம் கழித்து நான் என்ன வேலை செய்துகொண்டிருப்பேன் என்று இன்றைக்கே ஜோசியம் பார்க்கச் சொல்கிறார்கள். பயந்தவர்கள் மேலே ஒரு படி கூட்டித்தான் வாங்குவார்கள். மறுபக்கம் இபிஎஃப் பணம் தொடாமல் விட்டால் வருடா வருடம் வளரும்.

இந்த மாதிரிப் பேச்சில் யாராவது ஒருவர் 'ஃப்ளோ' படத்தை இழுப்பார். லாட்வியா நாட்டு கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய அசைவூட்டப் படம். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்து 2025 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. இறுதிப் படங்களை இயக்குநரின் சொந்தக் கணினியே உருவாக்கியது. உண்மைதான். ஆனால் அதற்கு 35 லட்சம் யூரோ செலவும் பல வருட உழைப்பும் ஒரு குழுவும் இருந்ததை அந்தக் கதையில் விட்டுவிடுவார்கள். எளிய கருவியில் சாதித்தவர்களின் கதைகள், இல்லாதவனிடம் சொல்லப்படும்போது 'உனக்கு எதுக்கு' என்பதன் இனிப்புத் தடவிய வடிவமாகிவிடுகின்றன. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியபோது இருந்த கணினிகள் இன்றைய கைப்பேசியின் கால் தூசுக்கு வராது. இன்று ஆப்பிள் கணினிகளில் இருக்கும் 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துருவின் கடைசி இரண்டெழுத்து அவர் பெயர். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரும் கிடைத்த கணினி எதுவோ அதை வைத்துச் செய்தார். நல்லதை வேண்டாம் என்று சொன்னதாக யாரும் சொல்லவில்லை.

அண்ணனிடம் இரண்டு தாள் கொடுத்தேன். ஒன்றில் 57 மணிக் கணக்கும் தவணை வட்டியும். இன்னொன்றில் ப்ராக்சி வழியும், 7,000 வெள்ளிக்குள் நாமே பாகம் பாகமாகச் சேர்க்கக்கூடிய ஒரு கணினியின் பட்டியலும். அவர் இரண்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "உங்க கம்பெனியில இந்த மாதிரி பெரிய கம்ப்யூட்டர் வாங்கினப்ப யாராச்சும் எதுக்குன்னு கேட்டாங்களா?" என்றார்.

வரைபட வேலைக்கென்று எங்கள் அலுவலகத்தில் வாங்கியவை மூன்று. யாரும் கேட்கவில்லை. அதில் ஒன்றில் இப்போது விடுப்பு விண்ணப்பங்களைத் திறந்து பார்க்கிறார்கள்.