இன்னும் மூன்று பங்கு

"என்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே எத்தனை காலம் உட்கார்ந்திருப்பாய், தம்பி? எழுந்து வா. ஒரு கிரிக்கெட் பந்தைக் கையில் எடு. சுமார் 160 கிராம் இருக்கும். அலமாரியில் கிடந்தால் குழந்தைகூட உருட்டி விளையாடும். அதே பந்து மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், தலைக்கவசம் இல்லாமல் எதிரே நிற்க எவனுக்கும் எளிதில் துணிச்சல் வராது. பந்தில் தோல் கூடவில்லை, நூல் கூடவில்லை. கிடந்தபோது இருந்த பருப்பொருள்தான் பறந்து வரும்போதும் இருக்கிறது. கூட வந்து ஏறிக்கொண்டது இயக்க ஆற்றல். ஓடுகிற எந்தப் பொருளும் இவ்விரண்டையும் சுமந்துதான் ஓடுகிறது.

நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கு என்று பள்ளியில் படித்தாய். தேர்வு முடிந்ததும் மறந்தும் போனாய். இப்போது போட்டுப் பார் அந்தக் கணக்கை. 70 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பந்துக்குச் சுமார் 30 ஜூல். 140 கிலோமீட்டரில் சுமார் 120 ஜூல். நிறை இரட்டித்தால் ஆற்றலும் இரட்டிக்கும், அவ்வளவுதான். வேகம் இரட்டித்தாலோ நான்கு மடங்கு! அப்பாவின் வருமானம், படித்த பள்ளி, பிறந்த தெரு எல்லாம் உனக்கு வாய்த்த நிறை. அதை எண்ணி எண்ணி அழுகிறாயே, வேகத்தை யார் பிடுங்கிக்கொண்டார்கள்?

சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் ஹாலந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஸ்கிராவெசாண்டெ என்ற பேராசிரியர் பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் விழவிட்டார். குண்டுகள் ஒரே அளவு. நிறை மட்டும் வேறு. பாதி நிறையுள்ள குண்டை இரண்டு மடங்கு உயரத்திலிருந்து விட்டபோது, கனமான குண்டு போட்ட அதே பள்ளத்தை அதுவும் போட்டது. கனம் குறைந்தவன் இன்னும் மேலே ஏறி வந்து விழ வேண்டியிருந்தது, உண்மைதான். பள்ளத்தில் வித்தியாசம் இல்லை!

இந்தச் சோதனையின் பொருளை, அதாவது ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது என்பதை, பிரான்சில் உரக்கச் சொன்னவர் ஒரு பெண். பெயர் எமிலி டு சாத்தலே. அந்நாளில் பெண்களை உறுப்பினராகச் சேர்க்காத பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு விரைவில் செயலாளராக வந்தவரும் இந்த வர்க்கக் கணக்கை ஏற்காதவருமான மேரானின் கருத்தையே 1740-இல் வெளிவந்த தம் இயற்பியல் நூலில் அவர் மறுத்தார். மேரான் சும்மா இருக்கவில்லை. என் கட்டுரையை மறுபடி படித்துப் பாருங்கள் என்ற தோரணையில் 1741-இல் அச்சில் பதில் போட்டார். எமிலி ஒடுங்கிப் போனாரா? சில வாரங்களிலேயே வரிக்கு வரி மறுப்பு எழுதி அச்சேற்றினார். தங்கையே, உன்னைப் பார்த்து "உனக்கென்ன தெரியும்" என்பவர்களுக்கும் பதில் இதுதான்: கணக்கோடு போ, சான்றோடு போ, தாமதிக்காமல் போ.

இனி நான் சொல்லப்போவதைப் பல மேடைகளில் சொல்ல மாட்டார்கள். வேகம் இலவசமாக வராது. ஒரு குண்டு இரட்டை வேகத்தில் தரையைத் தொட வேண்டுமென்றால் அதை நான்கு மடங்கு உயரத்துக்குத் தூக்க வேண்டும். முதல் வேகத்துக்கு ஒரு பங்கு உழைப்பு. அதை இரட்டிக்க இன்னும் மூன்று பங்கு. இரண்டாவது ஆண்டுப் படிப்பு முதலாண்டைவிடக் கனக்கிறதா? வேலை பழகிய பிறகும் அடுத்த படி ஏற மூச்சு வாங்குகிறதா? "எனக்குத் திறமை தீர்ந்துவிட்டது" என்று முடிவு கட்டாதே! வேகம் கூடக்கூட ஒவ்வொரு கூடுதல் அடிக்கும் விலை ஏறத்தான் செய்யும். பந்துக்கும் அப்படித்தான், ராக்கெட்டுக்கும் அப்படித்தான். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். இன்னும் மூன்று பங்கு கேட்கும்போது தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஆறாத கோபம் தருவது இதுதான். உராய்வு கொஞ்சம் தின்னும். காற்று கொஞ்சம் தின்னும். மிச்சமெல்லாம் உன் ஓட்டத்தில்தான் இருக்கிறது.

எமிலி அந்த மூன்று பங்கையும் போட்டவர். நியூட்டனின் பெருநூலை லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்குக் கொண்டுவரும் வேலையில் இருந்தபோது, 42 வயதில் கருவுற்றார். அந்த வயதுப் பிரசவத்தில் பிழைப்போமா என்ற அச்சம் அவருக்கு இருந்தது. பேனாவைக் கீழே வைக்கவில்லை, வேகத்தைக் கூட்டினார். மொழிபெயர்ப்பு முடிந்தது, விளக்கவுரையும் முடிந்தது. 1749 செப்டம்பரில் குழந்தை பிறந்த சில நாட்களில் இறந்துபோனார். முழுநூல் 1759-இல் வெளிவந்தது. பிரெஞ்சுக்காரர்கள் நியூட்டனைத் தம் மொழியில் படிக்க இன்றும் எடுப்பது அவருடைய பக்கங்களைத்தான்.